வேலைக்குப் பிள்ளை கொண்டுவந்த அம்மாள்

பிரசவமாகி நான் தக்கலை வீட்டில் இருந்தபோது அந்த அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் சந்தனம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கூட வந்த சிறுமிக்குப் பத்து வயதுக்கு மேல் இராது. பேசும்போதெல்லாம் அவள் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"வீட்டு வேலைக்கு ஆளு தேடுதியளாம்லா? தகப்பன் இல்லாத பிள்ள. கைக்குழந்தையையும் நல்லா பாத்துக்கிடுவா."

"உனக்கு எந்த ஊரு மக்கா?" என்று சிறுமியிடம் கேட்டேன். அவள் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையில்லா? எனக்கு வேண்டாம்" என்றேன்.

"இது பிடிக்கலேன்னா வேற பிள்ள கொண்டுவாறேன்" என்று சிரித்தார்.

தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போய் போலீசுக்கு போன் செய்தேன். திரும்பி வருவதற்குள் இருவரும் ஆட்டோவில் ஏறிப் போயிருந்தார்கள். போலீஸ் தேடியும் கிடைக்கவில்லை.

மாலையில் எதிர்வீட்டு அக்கா வந்தார். "அந்தப் பிள்ளய வேண்டாம்னியாமே. எனக்கிட்ட சொல்லியிருந்தா நான் வச்சிருப்பேன்லா" என்றார்.

அந்த அம்மாள் ஒளிந்து வரவில்லை. எங்கள் தெருவில் இன்னும் எத்தனை வீடுகளை அவருக்குத் தெரியும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.