லெயார்கோவின் இடது கால்

லெயார்கோ சான்ஃபோர்லின் பத்தொன்பது வருஷம் கால்பந்து ஆடியவர். பின்வரிசையில் இடது பக்கம் அவருடைய இடம். மூன்றாம் டிவிஷனுக்கு மேலே ஏறியதில்லை, ஐந்தாம் டிவிஷனுக்குக் கீழே இறங்கியதுமில்லை. மொத்தம் நான்கு கோல் அடித்தார். மூன்று எதிராளியின் வலையில், ஒன்று சொந்த வலையில். அந்த மூன்றையும் அவரைப் பெற்ற அம்மாவே மறந்துவிட்டாள். நாலாவதைப் போர்கோசெக்கோ ஊரில் ஞானஸ்நானம் ஆகாத குழந்தைகூட அறியும்.

அந்த சேம் சைடு கோல் விழுந்தது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. டிரா ஆனாலே போதும், ஊர் அணி டிவிஷனில் தங்கிவிடும். முடிய இரண்டு நிமிஷம்தான் இருந்தது. எதிராளி ஒருவனும் பக்கத்தில் இல்லை. பந்தைக் கோல்கீப்பரிடம் தள்ளியிருக்கலாம். இல்லையா, கரையைத் தாண்டி, பக்கத்தில் ஓடும் போ என்ற ஆற்றுக்குள்ளேயே அடித்துத் தொலைத்திருக்கலாம். லெயார்கோவின் இடது காலுக்கு அன்றைக்கு என்ன பிடித்ததோ, இருபத்தைந்து மீட்டர் தூரத்திலிருந்து சொந்த வலையின் மேல் மூலையில் பந்தைக் கொண்டுபோய்ச் செருகிவிட்டது. அதைவிட அழகான கோலை அந்த மைதானம் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

ஊர் அவரை அடிக்கவில்லை, வையவுமில்லை. மறுநாள் காலையில் நேவியோவின் காபி பாருக்குப் போனார். நேவியோ வழக்கம்போலக் காபி போட்டான். கோப்பையை வைக்கும்போது மட்டும் கைப்பிடியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தான். "எந்தப் பக்கம் பாத்து இருந்தா உனக்கென்னப்பா?" என்றான். பார் மொத்தமும் சிரித்தது. ஒரு நாள் கூத்து என்று லெயார்கோ நினைத்தார். இருபத்திரண்டு வருஷம் அப்படியே நடந்தது. கிறிஸ்துமஸ் அன்றும் அப்படித்தான், அவருடைய அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் அப்படித்தான். அவர் கோப்பையை அரைச் சுற்றுச் சுற்றிக் குடித்துவிட்டுப் போவார்.

ஆட்டத்தை விட்டபின் கோச் ஆனார். பதினொரு ஊர், பதினொரு வேலைநீக்கம். ஓர் ஊரில் பஸ்ஸிலேயே சீட்டைக் கிழித்து, அடுத்த பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டார்கள். இன்னோர் ஊரில் பிறந்தநாள் கேக்கை வெட்டச் சொல்லி, கடைசி வாய் உள்ளே போகும்வரை பொறுத்திருந்து சொன்னார்கள். வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். கோச்சின் பிழைப்பும் அதேதான்.

போன அக்டோபரில் சொந்த ஊரிலிருந்தே அழைப்பு வந்தது. அணித் தலைவர் ஒத்தோரீனோ கழிப்பறைக் கோப்பை செய்யும் ஆலை வைத்திருப்பவர். பையன்களின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, ஆலையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வெளியூர் மைதானத்துக்குள் அணி இறங்கியதும் எதிர்க்கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கி, இல்லாத சங்கிலியை இழுத்துத் தண்ணீர் விடும். இந்த மானக்கேட்டையெல்லாம் பார்த்துக்கொண்டே லெயார்கோ சரி என்றார். காரணம் ஒன்றே ஒன்று. அணி அப்போது கடைசி இடத்தில் கிடந்தது. தான் கவிழ்த்த அணியைத் தானே கரையேற்றினால் நேவியோ அந்தக் கைப்பிடியை இவர் பக்கமாகத் திருப்பி வைப்பான். வேறெந்தக் கோப்பைக்கும் அவர் ஆசைப்படவில்லை.

முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கு தோல்வி. ஒரு சனிக்கிழமை ஒத்தோரீனோ அவரை வேலையிலிருந்து தூக்கினார். புது ஆள் கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார யாராவது வேண்டுமே என்று, சட்டை துவைக்கும் ஜெலிந்தோவை உட்காரவைத்தார். ஜெலிந்தோவுக்குக் கறை எடுக்கத் தெரியும், கால்பந்து தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அணி ஜெயித்தது. சீட்டுக் கிழிந்த கோச் அந்த சீசனில் வேறு ஊருக்குப் போக முடியாது, ஒப்பந்தமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் திங்கட்கிழமை லெயார்கோவையே திரும்பக் கூப்பிட்டார்கள். தோல்வி. மறுபடி நீக்கினார்கள். வெற்றி.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நீங்களும் நானும் சொல்லிக்கொள்ளலாம். காரின் நம்பரில் ராசியில்லாத பதினேழு வந்துவிட்டது என்று காரையே விற்ற மனுஷர் ஒத்தோரீனோ. அவருக்கு விஷயம் பட்டென்று விளங்கிவிட்டது: லெயார்கோவிடம் அதிர்ஷ்டம் இருக்கிறது, ஆனால் வேலையில்லாத லெயார்கோவிடம்தான் இருக்கிறது. அன்று தொடங்கியது அந்த ஏற்பாடு. திங்கள் காலை ஒன்பது மணிக்கு நியமனம். சனிக்கிழமை மத்தியானம் முத்திரை வைத்த கடிதத்தோடு நீக்கம். கேட்கிறவனுக்குத்தான் பைத்தியக்காரத்தனம். பார், கோயில், தபால் ஆபீஸ் எல்லாம் தலையாட்டி ஆமோதித்தன. லெயார்கோவும் மறுக்கவில்லை. பதினாலு வருஷமாக ஒரே ஜோடி சாக்ஸைத் துவைக்காமல் போடுகிறவர், வேறென்ன செய்வார்?

நீக்கப்பட்டவர் மைதானத்துக்குள் நுழையக்கூடாது. அதனால் ஞாயிறுதோறும் இரிதேயின் வீட்டு பால்கனிதான் அவருக்கு இடம். இரிதே அறுபது தாண்டிய விதவை. அவள் வீடு மூன்றாம் மாடியில், கார்னர் கொடிக்கு நேர் பின்னால். கீழே தனியாகத் திணறும் ஜெலிந்தோவுக்குச் சேதி போக வேண்டுமே. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் துணி ஒன்றுதான். ஆகையால் பால்கனிக் கொடியில் துணி போட்டுப் பேசினார்கள். சிவப்புத் துண்டு என்றால் இன்னொரு முன்வரிசை ஆளை இறக்கு. நீலக் கால்சட்டை என்றால் எல்லாரும் பின்னால் வா. வெள்ளைத் துணி என்றால் கோல்கீப்பர் உட்பட மொத்தப் பேரும் முன்னேறு. வெள்ளையைக் கடைசி நிமிஷத்தில், வேறு வழியே இல்லாதபோது மட்டும் போடுவதென்று பேச்சு. நிஜத் துவைப்போடு குழம்புமோ என்ற பயமில்லை. போர்கோசெக்கோவில் ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது பாவம், காயப்போட்டால் பாதிரியார் பார்ப்பதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுவாள்.

இப்படியே தத்தித் தத்திக் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். ஜெயித்தால் தங்கலாம், டிரா ஆனாலும் கீழே. சனிக்கிழமை லெயார்கோ தலைவரிடம் போய், இந்த ஒரு தடவை மட்டும் பெஞ்சில் உட்கார விடுங்கள், இது என் கால் செய்த பாவம், நானே நின்று கழுவ வேண்டும் என்று கெஞ்சினார். ஒத்தோரீனோ கண் கலங்கி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"உன்னைக் கூடப்பொறந்த தம்பியா நெனக்கிறேன்டா லெயார்கோ. அதனாலதான் சீட்டைக் கிழிக்கிறேன்," என்று கடிதத்தை நீட்டினார்.

ஞாயிறு மத்தியானம் இரிதே முயல் கறியும் பொலெந்தாக் களியும் செய்து, கல்யாணத்துக்குத் தன் கையால் பூத்தையல் போட்ட வெள்ளை மேசைவிரிப்பை விரித்து வைத்திருந்தாள். லெயார்கோவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அறுபத்தெட்டாவது நிமிஷம்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது எதிரணிக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு நம் கோலை நோக்கிப் பாய்ந்தான். தடுக்க ஒரு பின்வரிசைக்காரன் இல்லை. லெயார்கோ இருந்தது மூன்றாம் மாடியில், ஆனால் அவருடைய இடது கால் அதைப் பொருட்படுத்தவில்லை. மேசையடியில் இருந்தபடியே குறுக்கே பாய்ந்து ஓங்கி ஓர் உதை விட்டது. கீழே பந்து வெளியே போனது. மேலே சிவப்பு ஒயின் பாட்டில் மேசைவிரிப்பின்மேல் சாய்ந்து காலியானது.

இரிதே கத்தவில்லை. தட்டுகளை எடுத்து ஓரமாக வைத்தாள், விரிப்பை உருவினாள், உப்புப் போட்டுக் கசக்கி அலசினாள். கறை பிடித்துவிட்டால் போகாது, கர்த்தர் மன்னிப்பார் என்று பால்கனிக் கொடியில் விரித்துப் போட்டாள். லெயார்கோ கண்ணை மூடிக் கன்னி மாதாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது ஜெலிந்தோவின் குரல் மைதானத்தைப் பிளந்தது.

"கோச் வெள்ளையப் போட்டுட்டாரு! எல்லாரும் முன்னாடி போங்கடா! கீப்பர், நீயும்தான் போ!"

முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கோல்கீப்பர் ஒரு கணம் பால்கனியைப் பார்த்தான், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான், ஓடினான். எதிரணிக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கார்னர் கிக் பறந்து வந்து, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் திரும்பி நின்ற நம் கோல்கீப்பரின் பின்பக்கத்தில் பட்டு வலைக்குள் போனது.

ஊர் எழுந்து குதித்தது. லெயார்கோ மட்டும் குதிக்கவில்லை. துணி இன்னும் கொடியில் தொங்குகிறது, கோல்கீப்பர் இன்னும் அங்கேயே நிற்கிறான், நம் வலை அநாதையாகக் கிடக்கிறது. அவர் பாய்ந்து விரிப்பைப் பிடித்து இழுத்தார். இரிதே மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"காயல லெயார்கோ. விடு, கிழிஞ்சிரும்."

"அக்கா, குடியே முழுகப்போகுது, விடுக்கா!"

இவர்கள் மேலே இழுபறி செய்ய, கோச் துணியை வீசி வீசி உற்சாகப்படுத்துகிறார் என்று கீழே ஆரவாரம். காலி வலையை நோக்கி எதிராளி அடித்த ஒரு பந்து மேலே போனது, ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசியில் விரிப்பு இருவர் கையையும் விட்டுப் பறந்து கீழே விழுந்தது. துணியைக் காணோம் என்றதும் கோல்கீப்பர் தலைதெறிக்க ஓடி வந்து, அடுத்து வந்த பந்தின்மேல் குப்புற விழுந்தான். அதோடு ஒன்றுக்குப் பூஜ்யம், போர்கோசெக்கோ பிழைத்தது.

அன்று சாயங்காலம் நேவியோவின் பாரில் நிற்க இடமில்லை. எழுபதாவது நிமிஷத்தில் கோல்கீப்பரை அனுப்ப என்ன நெஞ்சுரம் வேண்டும் என்று ஆளாளுக்கு லெயார்கோவின் முதுகில் தட்டினார்கள். நேவியோ காபி போட்டான். கோப்பையை மெதுவாக வைத்தான். கைப்பிடி லெயார்கோவின் பக்கம் இருந்தது.

லெயார்கோ வாயை மூடிக்கொண்டு குடித்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் இரிதே, புல்லும் சேறும் ஒட்டிய விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரால் முடியவில்லை. துணியைப் போட்டது நானில்லை, இரிதே அக்கா கறைக்காகக் காயப்போட்டது, நான் பார்க்கவே இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

ஒத்தோரீனோ இரிதேயைப் புதுக் கண்ணால் பார்த்து, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வசதிப்படுமா என்று விசாரிக்கத் தொடங்கினார். நேவியோவின் கை மறுபடி கோப்பையை நோக்கி நீண்டது. இரிதே அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி போட்டாள்.

"கைய எடு நேவியோ. கறை தானா வந்துச்சா? நாற்பது வருஷமா பத்திரமா வெச்சிருந்த விரிப்பு. மேசைய உதைச்சு என் பாட்டிலைக் கவுத்தது யாரு? இந்த ஆளு."

நேவியோ யோசித்தான். பார் முழுக்க அவனோடு சேர்ந்து யோசித்தது.

"எந்தக் காலு?" என்று கேட்டான்.

"இடது காலு," என்றாள் இரிதே. "வேற எது?"

நேவியோ கையை இழுத்துக்கொண்டான். துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தான். "அப்ப சரி," என்றான். "குடிப்பா, ஆறிடப்போகுது."

லெயார்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை அவரைக் கேட்கவில்லை. கோப்பையை அரைச் சுற்றுச் சுற்றி, கைப்பிடியைத் தானே நேவியோ பக்கம் திருப்பி வைத்துவிட்டது.