சுனிதாவின் மூடிய தட்டு

பொதுச் சமையல்கட்டில் கரண்டி பிடிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, உங்களுக்கும் இருக்கும்: ஒரு தட்டு காலியாகவில்லை என்றால் நம் கை ருசியில்தான் கோளாறு என்று தோன்றும். கோரிமேட்டில், மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில், வெளியூரிலிருந்து பிழைக்க வந்திறங்கும் குடும்பங்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்களில் ஒரு வீட்டார் தங்கள் ஊர்ச் சமையலைச் செய்வார்கள். எல்லாரும் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவின பிறகு, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

புளி

பீகாரிலிருந்து சுனிதா வந்தாள். புருஷனுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை, கையில் பால் குடிக்கிற குழந்தை. தட்டை வாங்குவாள், முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூடத்தைக் கழுவ ஆரம்பித்ததும் டப்பாவில் கொட்டிக்கொண்டு போவாள். அது சாயங்காலம் புருஷனுக்கு. குழந்தையை எடை போட்ட நர்ஸம்மா, "தாய் சாப்பிடலைன்னா பால் எங்கேருந்து ஊறும்?" என்று என்னைத்தான் கேட்டார்.

நம்ம புளிப்பு ஒத்துக்கவில்லை போல என்று சாம்பாரில் புளியைப் பாதியாக்கினேன். தட்டு மூடியேதான் இருந்தது. பல வருஷமாக இங்கே வாட்ச்மேனாக இருக்கும் நேபாளத்துத் தாப்பா அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தங்கச்சி, இன்னிக்கு சாம்பாருக்கு லீவா?"

ரொட்டி

சரி, அரிசிதான் பிடிக்கவில்லை என்று கோதுமை மாவைப் பிசைந்தேன். எங்கள் வீட்டில் சப்பாத்தி என்றால் காய்ச்சல்காரருக்குத்தான், பழக்கமில்லாத கை. சுனிதா சிரித்த முகத்தோடு ரெண்டு வாங்கினாள், மூடினாள். குழந்தை மாரில் முட்டி முட்டி அழுதது.

காய் நறுக்கும் மேரியக்கா ஒரு ரொட்டியை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தாங்க. "இதையும் அவ புருஷன்கிட்ட குடுத்து வுடுடி, தரையில ஒட்டிடுவான்."

லிட்டி

சுனிதா வீட்டு முறை வந்தது. கோதுமை உருண்டைக்குள் கடலை மாவு வைத்துக் கரி அடுப்பில் சுட்டாள், லிட்டியாம். கூடச் சுட்ட கத்திரிக்காய் மசியல். வாசனைக்கே கூட்டம் கூடிவிட்டது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு எனக்கும் ஒரு தட்டு கொடுத்தாள். "அப்புறம் சாப்பிடறேன், நீ சாப்புடு" என்று அடுப்போரம் வைத்தேன். அவளும் தன் தட்டை மூடினாள்.

அவள் சமைத்ததையே சாப்பிடவில்லை என்றால் ருசியில் கோளாறு எப்படி? தாப்பா அண்ணனைக் கூப்பிட்டு இந்தியில் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். "இந்த அடுப்படிக்கு நீதான் மூத்த ஓரகத்தி மாதிரியாம். மூத்தவ கை நனைக்காம இளையவ எப்படி சாப்பிடறதுன்னு கேக்குது."

சுனிதாவின் குழந்தையை வாங்கி மேரியக்காவிடம் கொடுத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நான் ஒரு லிட்டியைப் பிட்டு வாயில் போட்டதும் சுனிதா முந்தானையை விலக்கினாள். தலை நிமிராமல் சாப்பிட்டாள், இன்னொன்று எடுத்தாள், அதற்கப்புறமும் எடுத்தாள். மேரியக்கா என் தலையில் ஒரு தட்டு தட்டினாங்க. "ஏண்டி, இத்தனை நாளும் அவளைப் பட்டினி போட்டது சாம்பார் இல்ல, நீதான்டி."

இப்போதெல்லாம் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறேன், கேட்டால் சமூக சேவை என்கிறேன்.