மேல்வீட்டுக்காரர்கள் போக முடியாமல் நின்ற காலம்

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஒற்றையறைக் காம்பராக்களுக்கு, மேலே, ரப்பர் மலை முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் ஒரு வீடு இருந்தது. முன்பு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் குடியிருந்த வீடு. தோட்டம் கைமாறியபோது அந்த வீடும் அதைச் சுற்றியிருந்த துண்டு நிலமும் தனியாக விலைபோயின. தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்து அதை வாங்கினார்கள். நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிது. பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கொழுந்தெடுக்கவும் ரப்பர் மரத்தில் பால்வெட்டவும் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேல்வீட்டை வாரத்துக்கு ஒரு தடவை திறந்து கூட்டிவிட ஆள் தேவை என்றார்கள். என் கையில் சாவி வந்தது அப்படித்தான்.

கணவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஐயா என்போம். மனைவியை நான் முதல் நாள் "அம்மா" என்று கூப்பிட்டேன். "அம்மா எண்டு சொல்லாதை பிள்ளை, எனக்கு வயசு போட்டுதெண்டு நினைச்சுப்போடுவன்" என்றார். அதிலிருந்து அவர் எல்லோருக்கும் கொழும்பக்கா ஆனார். அவர்கள் பேசுகிற தமிழ் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் தமிழ் அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் "ஆமாங்க" என்றால் அக்கா சிரித்துக்கொண்டே "ஓம், ஓம்" என்பார்.

மாதம் ஒருமுறை, போயா என்கிற பௌர்ணமி லீவோடு சேர்ந்தாற்போல் வருவார்கள். பழைய வெள்ளைக் கார் ஒன்று புளத்கொகுபிட்டிய டவுன் பக்கமிருந்து திணறித் திணறி மேலே ஏறும். சத்தத்தைக் கேட்டே பிள்ளைகள் ஓடுவார்கள். ஐயா வந்ததும் வராததுமாக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். எங்கள் ஊர் மழைக்கு முருங்கை நிற்குமா? தடி தடியாகக் கொண்டுவந்து நட்டார். எல்லாம் அழுகிப்போயின. அக்காவுக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும். காலில் சவர்க்காரம் பூசி, காலுறை போட்டு, அதற்கு மேல் இன்னொரு காலுறை போட்டு முற்றத்தில் இறங்குவார். அட்டை எப்படியோ கழுத்தில் ஏறியிருக்கும்.

லயத்தில் அவர்களைப் பற்றி நல்ல பேச்சும் இருந்தது, மற்றப் பேச்சும் இருந்தது. என் மாமியார் வாய் திறந்தே சொல்வார்: "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வீடு. ஒண்ணு இருக்க, ஒண்ணு காத்து வாங்க. நம்ம ஆறு பேருக்கு ஒரு காம்பரா. அதுவும் தோட்டத்துது." அவர் சொன்னதில் பொய் இல்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய வெறும் அறைகளைக் கூட்டும்போது எனக்கும் அந்த எண்ணம் வந்ததுண்டு.

சமாதானம் என்று சொன்ன வருஷங்களில் அவர்கள் அடிக்கடி வந்தார்கள். மறுபடி சண்டை தொடங்கியதும் வரவு குறைந்தது. வழியெல்லாம் செக் பொயின்ட். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்பதற்கு விளக்கம் சொல்லி வர வேண்டும். கார் பழுதாகிவிட்டதால் பஸ்ஸில் வரத் தொடங்கினார்கள். யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம் அப்படித்தான் ஒரு போயாவுக்கு வந்தார்கள். வந்த மறுநாள் எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்ததாக ரேடியோவில் சொன்னார்கள்.

அதற்கடுத்த விடியற்காலையில் ஆமியும் பொலிஸும் லயங்களைச் சுற்றி வந்து நின்றன. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகக் கிளம்பியவர்களை எல்லாம் வாசலிலேயே நிற்கவைத்தார்கள். காம்பரா காம்பராவாகத் தேடினார்கள். அரிசி வாளியைக் கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். மேல்வீட்டில் இருக்கிறவர்கள் யார், எதற்கு வந்தார்கள், யார் அவர்களோடு பழக்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். போகும்போது எங்கள் லயத்து இளைஞர்கள் இரண்டு பேரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். ஒருவர் என் கணவரின் தம்பி. ஐயா வீட்டுக் கூரை ஒழுகியபோது ஏறித் தகரம் மாற்றியவர். அது ஒன்றுதான் பழக்கம்.

மறுநாள் பின்னேரம் இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாமியார் ரோட்டைப் பார்த்தபடி படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

தம்பி திரும்பி வந்த அன்றே கோவிலுக்கு முன்னால் எல்லோரும் கூடினோம். தலைவர், அதாவது எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர், நிதானமானவர். "அவங்க நல்ல மனுசங்கதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அவங்க இங்க இருக்கிற வரைக்கும் நம்ம புள்ளைங்களுக்கு நிம்மதி இல்ல" என்றார்.

"அவங்களுக்குப் போறதுக்குக் கொழும்புல வீடு இருக்கு. நம்ம எங்க போறது?" என்றார் மாமியார்.

அவர்களைப் போகச் சொல்வதென்று முடிவானது. சாவி என்னிடம் இருந்ததாலோ என்னவோ, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுநாள் காலை நானும் கணவரும் மேலே போனோம்.

கதவு திறந்தே கிடந்தது. அக்கா பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார்.

"சொல்ல வேண்டாம் பிள்ளை. எங்களாலைதானே உந்தப் பெடியளைப் பிடிச்சவங்கள். நாங்கள் இண்டைக்கே வெளிக்கிடுறம்."

என் கணவர் குனிந்து அந்தப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கொழும்புக்குப் போயிட்டா உங்களுக்கும் நல்லதுங்கக்கா. அங்க உங்க சொந்த வீட்டுல பயமில்லாம இருக்கலாம்" என்றார்.

அக்கா ஐயாவைப் பார்த்தார். ஐயா ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டே சொன்னார்: "தம்பி, கொழும்பிலை நாங்கள் இருக்கிறது வாடகை வீடு. அந்த வீட்டுக்காரன் போன மாசமே வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டான். ஊரிலை இருக்கிற வீடு ஆமி காம்புக்குள்ளை. பதினெட்டு வருசமா அந்த ஒழுங்கைக்குள்ளையே போகேலாது. சொந்தமெண்டு சொல்லித் திறப்புப் போட்டுத் திறக்கிறது இந்தக் கதவு ஒண்டைத்தான்."

குறை சொல்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. யாரோ விசாரித்ததற்குப் பதில் சொன்னதுபோலச் சொன்னார். நானும் கணவரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை கூடப் போனோம்.

பஸ் வந்தது, ஏறினார்கள். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். மத்தியானம் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை ஆரம்பித்தால் எதிரே இருக்கிற லயம் தெரியாது. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு வாசலுக்கு வந்தவள், ரோட்டில் இரண்டு பேர் பெட்டிகளோடு ஏறி வருவதைப் பார்த்தேன். அக்காவின் ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது. பின்னால் குடை பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக் கடை முதலாளி வந்தார்.

நடந்தது இதுதான். டவுனுக்கு இப்பால் இருந்த செக் பொயின்டில் இரண்டு பேரையும் இறக்கிவிட்டார்கள். கொழும்பில் அவர்கள் பெயர் பதிந்திருக்கிற பொலிஸிலிருந்து உறுதி வரும்வரை எங்கும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கே தங்குவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ரோட்டோரத்தில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். கடைக்குப் பாண் எடுக்க டவுனுக்குப் போன முதலாளி அதைப் பார்த்திருக்கிறார். சிங்களவர், எங்களோடு பேசினால் பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் பேசுவார். அவர் நேரே அங்கே பொறுப்பாயிருந்த அதிகாரியிடம் போய், "மே அபே மினிஸ்ஸு, சேர்" என்றிருக்கிறார். இவர்கள் எங்கள் ஆட்கள் என்று அர்த்தம். தான் பொறுப்பு என்று சொல்லி, மேல்வீட்டு விலாசத்திலேயே அவர்களைப் பதியவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

லயத்து ஆட்கள் எல்லாம் கூரை ஓரத்தில் நின்று பார்த்தார்கள். முதலில் மழைக்குள் இறங்கியவர் என் மாமியார். தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு போய் அக்காவின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினார்.

"உங்களுக்கு எங்களாலை கரைச்சல்..." என்று அக்கா தொடங்கினார்.

"கரைச்சல் கெடக்கட்டும். இந்த மழையில எங்க போவீங்க? மொதல்ல வந்து தேத்தண்ணி குடிங்க" என்றார் மாமியார்.

கோவில் முன்னால் பேசியதை மாற்ற மறுபடி ஒரு கூட்டம் போடவில்லை. அன்று சாயங்காலம் தலைவர் ஒரு கட்டு விறகை மேல்வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார். அதோடு சரி.

அதற்குப் பிறகு அவர்கள் இருந்த சில மாதங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். காஸ் தீர்ந்துபோனது. ரப்பர் விறகு நனைந்தால் புகைதான் வரும், நெருப்பு வராது. "பிள்ளை, அடுப்பு எரியுதில்லை" என்று காலையில் மேலேயிருந்து குரல் வரும். என் மாமியார் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பற்றவைத்துவிட்டு வருவார். கொஞ்ச நாளில் அடுப்பு பற்றாத நாளிலும் போகத் தொடங்கினார். இருவருக்கும் எந்நேரமும் வாக்குவாதம். பிட்டு பெரிதா, ரொட்டி பெரிதா? மாசிக் கருவாடு போடாமல் சம்பல் உண்டா? அக்கா குழலில் பிட்டு அவித்துக் கொடுத்தார். "மாவு உதிருது, வாய்க்குப் போறதுக்குள்ள பாதி கீழ போயிருது" என்று சொல்லிக்கொண்டே மாமியார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஐயா விறாந்தையில் பாய் விரித்துக் கடுதாசி விளையாட்டுத் தொடங்கினார். முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம். பால்வெட்டு பகலோடு முடிந்துவிடும். ஆண்கள் குளித்துவிட்டு மேலே போய்விடுவார்கள். தலைவர் போனார், என் கணவர் போனார், ஜீப்பில் ஏற்றப்பட்ட தம்பியும் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை முதலாளி கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஏறி வருவார். விளையாட்டில் தோற்றால் காதில் ஒரு சீட்டைச் சொருகிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டு காதிலும் சீட்டோடு முதலாளி அப்படியே கடைக்கு இறங்கிப் போனதைப் பார்த்து பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்களாம்.

அக்கா பகலில் பிள்ளைக்காம்பராவுக்கு வந்துவிடுவார். சும்மா இருக்க முடியாத மனுஷி. தொட்டில் ஆட்டுவார், மூக்கு துடைத்துவிடுவார். குழந்தைகள் அவருடைய தமிழைப் பிடித்துக்கொண்டன. சாயங்காலம் பிள்ளையைத் தூக்க வந்த ஒரு தாய், "என்னா அக்கா இது, எம் புள்ள வீட்டுல 'வேண்டாம்'னு சொல்லாம 'எனக்கு ஏலாது'ங்குது" என்று முறையிட்டாள்.

அவர்களின் மகள் கனடாவில் இருந்தார். கைபேசிக்கு எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்திலிருந்த பாறை. அக்கா அதன் மேல் ஏறி நின்று கத்திப் பேசுவார். தண்ணீர் பிடிக்க வந்த எல்லோருக்கும் கனடாவில் பேரன் என்ன சாப்பிட்டான் என்பது தெரிந்துவிடும். "பல்லு முளைச்சிருச்சாக்கா?" என்று கீழிருந்து கேட்பார்கள். அதை அவர் அப்படியே போனில் கேட்டுப் பதில் சொல்வார். ஒருநாள் பேசி முடித்து இறங்கும்போது காலில் இருந்த அட்டையைப் பேச்சு நிறுத்தாமல் விரலால் சுண்டிவிட்டார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அவருக்கு எதற்கென்று புரியவில்லை.

கொழும்புப் பொலிஸிலிருந்து உறுதி ஒருநாள் வந்து சேர்ந்தது. போகலாம் என்று சொன்னார்கள். அவர்கள் அவசரப்படவில்லை. தைப்பொங்கல் முடியட்டும் என்று நின்றார்கள். லயத்து வாசலில் எங்களோடு பொங்கி, கொழும்பில் வேறொரு வாடகை வீடு தேடுவதென்று மறுநாள் பஸ் ஏறினார்கள். மாமியார் வரவில்லை. காம்பராவுக்குள்ளேயே இருந்துகொண்டார்.

யுத்தம் முடிந்தது. அந்த வருஷக் கடைசியில் இருவரும் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். ஊருக்குப் போய் வந்திருந்தார்கள். ஆமி விட்டுப்போன வீட்டுக்குக் கூரை இல்லையாம், கதவு நிலைகளைக் கூடக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்களாம். கிணறு மட்டும் நல்லாயிருக்கிறது என்று ஐயா சொன்னார். அதைக் கட்டி எழுப்ப வேண்டும், அதற்காக இந்த வீட்டைக் கொடுக்கிறோம் என்றார். கேகாலையில் ஒரு வியாபாரி வாங்குவதற்கு ஒத்துக்கொண்டிருந்தார்.

"வேற வழியில்லை பிள்ளை" என்றார் அக்கா. "இவர் அங்கை போய்த்தான் கண் மூட வேணுமெண்டு நிக்கிறார்."

"நீங்க?" என்று கேட்டேன்.

அவர் லயத்தின் பக்கம் கையைக் காட்டினார். "எனக்கு இஞ்சை ஆக்கள் இருக்கினம்" என்றார். பிறகு, "அங்கை இப்ப ஒருத்தருமில்லை" என்றார்.

மாமியார் அவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தார், மாசி போட்ட சம்பலோடு. இருவரும் அன்றும் அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

புது வீட்டுக்காரர்கள் கேட் போட்டு, விடுமுறை நாட்களில் பெரிய வேனில் வந்து பாட்டுப் போட்டார்கள். முன்பு கூட்டிக்கொண்டிருந்தவர் வருவாரா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். பிள்ளைக்காம்பரா வேலையே சரியாக இருக்கிறது, நேரமில்லை என்று சொல்லி அனுப்பினேன். மாமியார் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் அக்காவைப்போல் பிட்டு அவிக்கப் பார்த்தார். மா குழைந்துபோனது.