கிழக்கு வாசலில் நாய்

எனக்கு நாய் பழக்கத் தெரியாது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகிறவள் நான். அப்படியிருந்தும் ஐம்பத்து மூன்று வயதில், மட்டாஞ்சேரி வீட்டுச் சமையலறையில், கையில் இட்லித் துண்டோடு ஒரு தெருநாயிடம் ‘இரு, இரு’ என்று கெஞ்சிக்கொண்டு நின்றேன். எல்லாம் அப்பாவுக்காக.

அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டது மறக்கும், அம்மா இறந்தது மறக்கும். கோயில் மட்டும் மறக்கவில்லை. காலையில் குளித்து, வேட்டி கட்டி, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மணிக்குப் படியிறங்கிவிடுவார். எனக்கு அது ட்யூஷன் நேரம். எப்போதோ மழைக்கு ஒதுங்கி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட நாய்தான் அவர் பின்னாலேயே போய், பின்னாலேயே வரும். ஒருமுறை வழி தவறிச் சுள்ளிக்கல் வரை போய்விட்டவரை வீடு கொண்டுவந்து சேர்த்ததும் அதுதான். வரும்போதெல்லாம் நாயை வீட்டுக்குள் விடுவதா என்று முகம் சுளித்த அத்தைகூட அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு நாள் நாய் அப்பாவின் பின்னாலேயே கோயில் மதிலைத் தாண்டிப் சந்நிதிக்கு முன்னால் இருக்கும் பலிக்கல் வரை போய்விட்டது. நாய் நுழைந்துவிட்டால் புண்ணியாகம் செய்து சுத்தி பண்ணிய பிறகுதான் இங்கே மறுபடி பூஜை. பெரிய பூசாரி மேல்சாந்தி இரண்டாம் முறை குளிக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, சாயா குடித்து, மரியாதையாகவே சொன்னார்: இன்னொரு தடவை இப்படி ஆனால் அப்பாவைத் தனியாக அனுப்ப வேண்டாம். திருப்பூணித்துறையில் இருக்கும் என் தம்பி போனில் இதைக் கேட்டுவிட்டு, கேட்டைப் பூட்டிவை என்றான். அவனுக்குச் சொல்ல என்ன, பூட்டிய கேட்டுக்கு உள்ளே இருக்கப்போவது நானும் அப்பாவும்தானே. அவருக்கென்று மிச்சமிருந்தது அந்தக் காலை நடை ஒன்றுதான். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. நாயை வாசலிலேயே இருக்கப் பழக்குகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். நாயை உட்கார வைக்க வேண்டும். உள்ளங்கையைக் காட்டி ‘இரு’ என்று சொல்லி ஓரடி பின்னால் போக வேண்டும். திரும்பி வந்து ‘போதும்’ என்று சொல்லிய பிறகே இட்லி. தூரத்திலிருந்து கூப்பிடவே கூடாது. இருக்கச் சொன்னவர்தான் வந்து விடுவிக்க வேண்டும், வேறு யார் அழைத்தாலும் அது எழுந்திருக்கக் கூடாது. ஓரடி இரண்டடியாகி, சமையலறை தாண்டி, கூடம் தாண்டி, தெருமுனை வரை போக ஒன்றரை மாதம் ஆயிற்று. ட்யூஷன், சமையல், அப்பாவின் மருந்து, துணி எல்லாம் முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நாய் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்க்கும். உட்கார்ந்து அழலாமா என்று இருக்கும்.

அப்பா நாற்காலியில் இருந்தபடி தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தானே எழுந்து வந்து நாயின் முன்னால் உள்ளங்கையை நீட்டி ‘இரு’ என்றார். அது இருந்தது. கூடத்தைச் சுற்றி வந்து ‘போதும்’ என்றார். எழுந்தது. ஆறு மாதமாக எதையும் புதிதாகக் கற்காதவர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று முதல் அவர் குரலுக்கே பழக்கினேன்; கோயில் வாசலில் ‘இரு’ சொல்லவும் திரும்பி வந்து ‘போதும்’ சொல்லவும் அவரையும்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நிம்மதி. எங்கள் மாடி ஜன்னலிலிருந்து கோயிலின் கிழக்கு வாசல் தெரியும். பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். வாசலில் நாய் இருந்தால் அப்பா உள்ளே இருக்கிறார். அவ்வளவுதான்.

அன்று ஏகாதசி. எட்டு மணிக்குப் பார்த்தேன், நாய் இருந்தது. ஒன்பதுக்கும் இருந்தது. கூட்டம் அதிகம் போலிருக்கிறது என்று துணி துவைக்கப் போனேன். உண்மையைச் சொன்னால், அவர் வரத் தாமதமானது அன்று எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பதினொன்றரைக்கு மறுபடி பார்த்தபோது நடை சாத்தி, வெளிக்கதவும் மூடியிருந்தது. மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நாய் உட்கார்ந்திருந்தது.

ஈரக் கையோடு ஓடினேன். வாசலில் பூ விற்கும் சேட்டன், நாய் இங்கேயே இருந்ததால் அப்பா உள்ளே இருப்பார் என்று தானும் நினைத்ததாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் அப்பா கிழக்கு வாசலில் நுழைந்து, கும்பிட்டு, மேற்கு வாசல் வழியாக நேரே படகுத்துறைக்குப் போய் எர்ணாகுளம் போட்டைப் பிடிப்பார். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாயைப் பழக்கிய அத்தனை நாளில் எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.

படகுத்துறையில்தான் இருந்தார். சட்டை தோளில், வெற்றுடம்பு வெயிலில் சிவந்து, கால் வீங்கி. ஆபீஸுக்கு நேரமாயிற்று, போட்டைக் காணோம் என்றார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சட்டையைப் போட்டுவிட்டேன்.

நாயை அழைத்துக்கொள்ள ஆட்டோவைக் கோயில் வழியாகவே விடச் சொன்னேன். எங்களைக் கண்டதும் அதன் வால் தரையில் அடித்துக்கொண்டது, ஆனால் எழவில்லை. நான் ‘போதும், போதும்’ என்றேன். அது அப்பாவின் வாயையே பார்த்தது. அப்பா என்னிடம் கேட்டார்:

“ஆரோட நாயாக்கும் இது? பாவம், வெயில்ல இருக்கே.”

தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்றினேன்.

தம்பிக்குப் போன் செய்தேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவன் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சாயங்காலமே அவன் வந்து கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தான்.

மறுநாள் ஏழு மணிக்கு அப்பா குளித்து, வேட்டி கட்டி, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டருகில் போய் நின்றார். கம்பியைப் பிடித்து ஆட்டினார். மாடியில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் அறியாமலே என் உள்ளங்கை அவர் முன்னால் உயர்ந்தது.

“இருங்கோ அப்பா.”

அவர் என் கையைப் பார்த்தார். படியில் உட்கார்ந்தார். பிறகு, எத்தனை நேரம் இருக்கணும் என்று கேட்டார்.