பானுஜனின் முதுகு

காலையில் ஏரிக்கரையிலிருந்து மெட்ரோ புறப்படும்போது பானுஜன் வெளியே நிற்பான். கதவு மூடியதும் ஓடத் தொடங்குவான். சுவிஸின் லோசான் நகரம் முழுக்க ஏற்றம். மருத்துவமனை நிறுத்தத்துக்கு மெட்ரோதான் முதலில் போகும். "ஒரு நாளைக்கு அது பிந்தும்தானே, அண்டைக்குப் பாருங்கோவன்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் போய் நிற்பான்.

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. ஈரத்துணி வண்டியைக் கையால் தள்ள மாட்டான். குனிந்து தோளால் தள்ளுவான். மேற்பார்வையாளர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். சின்ன வயதில் தோடு குத்திய இடது காது, இடிபட்டு இடிபட்டு அவித்த கிழங்கு மாதிரி வீங்கிக் கிடக்கிறது. கலியாண வீடுகளில் பெண்ணைப் பெற்றவர்கள் அந்தக் காதைக் கண்டதும் கதையை மாற்றிவிடுகிறார்கள். அம்மா பரமேஸ்வரிக்குத்தான் அதில் கவலை, அவனுக்கு ஒன்றுமில்லை.

காதை அப்படியாக்கியது பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிரணிக்குள் போய் மோதுவதே அவன் பொறுப்பு. 2009இல் ஒரு நண்பனோடு சும்மா போய்த் தொடங்கியவனை, சில வருடங்கள் கழித்து, எல்லைக்கு அப்பால் பிரான்சில் ஒரு சிறு கழகம் சம்பளம் பேசி எடுத்தது. அது போன ஆவணியில். "சுவிஸிலை பிறந்த தமிழரிலை காசுக்கு ரக்பி ஆடப்போன முதல் ஆள் நான்தான்" என்பான். மறுக்க இரண்டாவது ஆள் இல்லாதபடியால் நாமும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஒப்பந்தத்துக்காகப் பரமேஸ்வரி முருகனிடம் நேர்ந்திருந்தார்: கிடைத்தால் மகன் மூன்று வருடம் செடில் குத்திக் காவடி எடுப்பான். முதுகுத் தோலில் முள் கொக்கிகளை மாட்டி, அவற்றின் கயிற்றை ஒருவர் பின்னால் இழுத்துப் பிடிக்க ஆடும் காவடி அது. கோயில் தேர் சனிக்கிழமை, முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. பானுஜன் யோசிக்கவே இல்லை. காவடி ஆடினான், கழகத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் முதல் மோதலிலேயே முதுகு திறந்துகொண்டது. இரத்தம் வடிபவன் களத்தில் நிற்கக் கூடாது என்பது விதி. நடுவர் வெளியே அனுப்பினார். சட்டையைக் கழற்றினால் வரிசையாகத் துளைகள். பயிற்சியாளர் ஜெரோம் பதறிப்போய், இதை யார் செய்தது, பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டார். "முருகன்" என்றான் இவன். அவர் அந்த ஆளின் முகவரியைக் கேட்டார்.

விஷயம் விளங்கியபோது ஜெரோமுக்கு வந்த கோபம் லேசில் ஆறவில்லை. பாதிப் பருவம் பானுஜன் களத்தில் இறங்காமல் ஓரத்து வாங்கில் குந்தியிருந்தான். பனியில் தனியே ஓடி, கேட்ட வேலையெல்லாம் செய்து, வசந்தத்தில்தான் இடத்தைத் திரும்பப் பிடித்தான்.

இந்த ஆவணியிலும் தேரும் ஆட்டமும் ஒட்டிக்கொண்டே வந்தன. முதுகில் ஒரு பொட்டு இரத்தம் கண்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று ஜெரோம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பானுஜன் அதை வீட்டில் சொன்னான். "நேர்ந்தது நேர்ந்ததுதான். காவடியும் எடுப்பன், விளையாட்டும் விடமாட்டன்." பரமேஸ்வரி சோற்றைப் போட்டார்.

சனிக்கிழமை கோயிலில் செடில் குத்திவிடும் கனகரத்தினம் அண்ணை முள்ளை எடுத்தார். பானுஜன் வேட்டியை இறுக்கிக்கொண்டு முதுகைக் காட்டினான். பரமேஸ்வரி நடுவில் வந்து நின்றார்.

"முள்ளை வையுங்கோ அண்ணை. நேர்ந்தது நான். காவடியை நான் எடுக்கிறன்."

"முள்ளில்லாமலோ? முருகன் கோவிக்க மாட்டாரோ?"

"கோவிச்சா என்னோடை கோவிக்கட்டும்."

பானுஜன் மறுக்க வாயைத் திறந்தான். "நாளைக்கு உனக்கு முதுகு வேணும். பேசாமல் நில்லு தம்பி" என்று அடக்கிவிட்டு, பரமேஸ்வரி காவடியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார்.

அது அவர் தோளுக்குப் பெரிய காவடி. இரண்டடி வைப்பதற்குள் சாய்ந்தது, சனமும் நெருக்கியது. பானுஜன் முன்னால் போனான். தலையைத் தாழ்த்தி, கைகளை அகல விரித்து, தோளால் கூட்டத்தை விலக்கி அம்மாவுக்கு வழி எடுத்துக் கொடுத்தான். பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் போய் இப்படி மறிப்பது ஆட்டத்தில் குற்றம். நடுவர் கண்டிருந்தால் ஊதியிருப்பார். தேர் சுற்றி வந்து இருப்பிடத்தில் நிற்கும்வரை அவன் கைகளைக் கீழே போடவில்லை.