ஷிப்ட் எழுதிய ஸ்கோர் தாள்

எங்கள் கான்வென்ட் மைதானத்தில் பந்தைத் தட்டினால் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று சிமெண்டுத் தரையில் பந்து படுகிற சத்தம், இன்னொன்று அதற்குச் சற்றுப் பின்னால், காலுக்குக் கீழே வெகு ஆழத்தில் யாரோ பதிலுக்குத் தட்டுவதைப் போல மங்கலாக வரும். வெளியூரிலிருந்து வந்த டீச்சர்கள் அது சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலி என்று விளக்கம் சொன்னார்கள். மைதானத்துக்குச் சுவரே கிடையாது, மூன்று பக்கம் கம்பிவேலி, நான்காவது பக்கம் தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு என்று அவர்களிடம் சொல்ல மரியாதை எங்களைத் தடுத்தது. சுரங்கத்தின் மேலேயே இருந்த சாம்பியன் ரீப்ஸில் பிறந்த எங்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "கீழ எல்லாம் காலி, அதான்" என்று பெரியவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், நாங்களும் அந்தக் காலியின் மேல் ஆடிக்கொண்டிருப்போம்.

தீபாவளி முடிந்ததும் கோலார் தங்கவயலின் பாஸ்கெட்பால் லீக் தொடங்கும். தொழிலாளர் குடியிருப்பான ஒவ்வொரு காம்ப்பிலும் இருந்த கத்தோலிக்கப் பள்ளிகளின் பெண்கள் அணிகள் சனிக்கிழமை நாலு மணிக்கு ஒன்றோடொன்று மோதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பைனல் ஆடும். எங்கள் அணியில் பாதிப் பேர் என்னைப் போல மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டுப் பிள்ளைகள். என் உயிர்த் தோழி யசோதராவின் வீட்டில் புத்தர் படத்துக்குத்தான் விளக்கு. ஆனாலும் ப்ரீ த்ரோ போடுவதற்கு முன்னால் அத்தனை பேரும் தவறாமல் சிலுவை போட்டுக்கொள்வோம், பந்து வளையத்துக்குள் விழுந்தால் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று பிறகு சண்டை போடுவோம்.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் எங்கள் லீக்கில் இருந்தது. ஸ்கோர் தாளில் ஆட்டக்காரியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அதில் அவளுடைய அப்பாவுக்கு அன்றைக்கு எந்த "ஷிப்ட்" என்று எழுத வேண்டும். பர்ஸ்ட் ஷிப்ட் என்றால் அவர் மதியமே மேலே வந்துவிட்டார் என்று பொருள், செகண்ட் ஷிப்ட் என்றால் நாங்கள் ஆடுகிற நேரத்தில் அவர் சுரங்கத்துக்குள் இருக்கிறார். என் அப்பாவுக்குத் தரைக்கு மேலே பாறை அரைக்கும் மில்லில் வேலை என்பதால் என் கட்டத்தில் எப்போதும் "மேலே" என்றுதான் இருக்கும்.

அந்தக் கட்டம் எதற்கென்றால், பூமிக்கடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். "ஏர்பிளாஸ்ட்" என்போம். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் பாத்திரம் உருளும், மைதானத்தில் பந்து தானாக நகரும். உடனே ஆட்டத்தை நிறுத்தி, நடுவராக இருக்கும் சிஸ்டர் தாளை எடுத்து செகண்ட் ஷிப்ட் அப்பாக்களின் மகள்களை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்கள் ஷூவைக்கூடக் கழற்றாமல் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட்டின் கேட்டுக்கு ஓடுவார்கள், மாற்று ஆட்டக்காரிகள் இறங்குவார்கள், ஆட்டம் தொடரும். சும்மா நின்றால் பயம் இன்னும் அதிகமாகும் என்பதால்தான் தொடர்வார்கள். பெயர் வாசிக்கப்படாதவள் நகரவே கூடாது. கூப்பிடாமல் ஓடுகிற பெண் சாவையும் கூடவே ஷாப்ட்டுக்கு "இஸ்துகினு போறா" என்று எங்கள் அம்மாக்கள் சொல்வார்கள். அதை மீறிய ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பில் பைனலை நாங்கள் தோற்றது இந்த வழக்கத்தால்தான். பாதி ஆட்டத்தில் தரை குலுங்கியது, எங்கள் அணியின் உயிரே ஆன யசோவின் பெயர் வாசிக்கப்பட்டது, அவள் ஓடினாள். கேட்டருகே அவளுடைய அப்பா கல்தூசி படிந்த முகத்தோடு பீடி பிடித்தபடி, ஒன்றும் ஆகாதவராய் நின்றுகொண்டிருந்தாராம். "இன்னாம்மா, ஆட்டத்த வுட்டுட்டா வந்துட்ட?" என்று சிரித்தாராம். அவள் அதைச் சந்தோஷமாக வந்து சொன்னபோது கோப்பை எதிரணியின் கையில் இருந்தது. அவளுடைய அப்பா பிழைத்ததைவிட அந்தக் கோப்பை போனதுதான் எனக்கு அன்று பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அடுத்த வருடம் நான் கேப்டன். பைனல் அன்று ஸ்கோர் தாளை நிரப்பும் வேலை என்னுடையது. யசோவின் அப்பாவுக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட் என்பது நன்றாகவே தெரிந்திருந்தும், அவள் கட்டத்தில் "பர்ஸ்ட்" என்று எழுதினேன். போன வருடம் போல வீண் ஓட்டத்தில் கோப்பை போய்விடக் கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு.

அன்றைக்குப் பனி சீக்கிரமே இறங்கியிருந்தது. ஷாப்ட் வாயிலிருந்து எழும் வெதுவெதுப்பான ஆவி, வெடிமருந்தும் ஈர மரமும் கலந்த வாசனையோடு மைதானத்தின் மேல் வந்து படிந்தது. இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் வேலிமேல் இருந்த காக்கைகள் சத்தமில்லாமல் மொத்தமாகக் கிளம்பிப் போயின. பிறகு தரை எங்களைத் தூக்கி வைத்தது. கோல் கம்பம் ஆடியது, பார்வையாளர்களில் ஒரு கைக்குழந்தைகூட அழவில்லை.

சிஸ்டர் தாளை எடுத்தார். எதிரே ஆடிய ஊரிகம் அணியில் இரண்டு பெயர், எங்கள் அணியில் ஒரு பெயர். அந்த மூவரும் ஓடிய பிறகு யசோ சிஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் தாளை மடித்துவிட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஒரு நிமிடம் முழுசாக இருந்தது. சொன்னால் சிஸ்டரிடம் மாட்டிக்கொள்வேன், சொல்லாவிட்டால் ஜெயிப்போம். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டேன்.

ஆட்டம் தொடர்ந்தது. பந்தைத் தட்டினால் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. கீழிருந்து வருகிற இரண்டாவது சத்தம் வரவே இல்லை, நாங்கள் பத்துப் பேரும் அதைக் கவனித்தோம். யசோ எறிந்ததெல்லாம் விழுந்தது. அவள் முகத்தில் அழுகை இல்லை, பயம் இல்லை, லேசான சிரிப்புதான் இருந்தது. நாங்கள் ஜெயித்தோம். கோப்பையைக் கையில் வாங்கும்போது ஷாப்ட் பக்கமிருந்து சாவை அறிவிக்கும் சங்கு நீளமாக ஊத ஆரம்பித்து, நிற்காமல் ஊதியது.

நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோதே அவளுடைய அப்பாவை மேலே கொண்டுவந்துவிட்டார்கள், உயிரோடுதான். மைன்ஸ் ஆஸ்பத்திரியில் அரைமணி நேரம் நினைவோடு இருந்தார் என்றும், "யசோ வந்துச்சா" என்று இரண்டு மூன்று முறை கேட்டார் என்றும் பக்கத்து லைன் பெண்கள் சொன்னார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அப்புறம் லைன் வீட்டைக் காலி செய்து ஸ்கெலட்டன் என்கிற காம்ப்பில் இருந்த மாமா வீட்டுக்கு அவர்கள் போய்விட்டார்கள், அவள் பள்ளிக்கு வரவில்லை. நான் பந்தைத் தொடவில்லை. ஷிப்டைத் தவறாக எழுதியது யார் என்று யாரும் கேட்கவும் இல்லை; ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் குழம்பியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது சுரங்கம் மூடிக்கிடக்கிறது. ஷாப்ட் வாய்களில் தண்ணீர் ஏறிவிட்டது என்கிறார்கள். லீக் இல்லை, சங்கு இல்லை, மைதானத்தின் சிமெண்டைப் பிளந்துகொண்டு சீமைக்கருவேலம் வளர்ந்திருக்கிறது. பாதி ஊர் விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறது. நானும் பல வருடமாக அங்கேதான் இருக்கிறேன். போன டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஊரிகம் ஸ்டேஷன் பெஞ்சில் யசோவைப் பார்த்தேன். நரைத்த தலை, மடியில் டிபன் பை. பேரப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். பிறகு, அவள் கட்டத்தில் வேண்டுமென்றே மாற்றி எழுதியதைச் சொல்லிவிட்டேன்.

அவள் திடுக்கிடவில்லை. "தெர்யும். நீ எழுதறப்ப பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன்" என்றாள்.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை, ஏன் ஓடவில்லை என்று கேட்டேன்.

"பேர் படிக்கலியே, எப்படி ஓட்றது? கூடவே சாவ இஸ்துகினு போவணுமா?" என்றவள், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அப்பறம், நீ பர்ஸ்ட்னு எழுதிட்ட இல்ல செல்வி. பர்ஸ்ட் ஷிப்ட்னா சாயங்காலம் அவரு வரலாமே. வந்தாரு. மைதானத்துக் குழாயாண்ட நின்னுகினு கடைசி வரைக்கும் பாத்தாரு. அதுக்கு முன்ன ஒரு நாளும் என் ஆட்டத்த பாக்க வந்தவரில்ல."

ரயில் வந்தது, அவள் ஏறிக்கொண்டாள், நான் அடுத்த வண்டிக்கு நின்றுவிட்டேன். குழாயடியில் நின்றவரை அவள் பார்த்தாள் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அதே அரைமணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து மகளைக் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான், அவரிடம் அவளை அனுப்பாதவள் நான்தான்.