மச்சி படிப்பித்த குரவை

கல்யாண வீட்டில் குரவை கேட்டால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. மாப்பிள்ளை வந்து வாசலில் இறங்கியதும் பெண்கள் நாக்கைச் சுழற்றி அந்த நீண்ட ஒலியை எழுப்புவார்கள். எங்கள் கல்முனைப் பக்கத்தில் சுன்னத்து வைத்தாலும், மாப்பிள்ளை வந்தாலும், எந்த நல்ல காரியத்துக்கும் குரவைதான். அது மார்க்கத்தில் இல்லை என்று இப்போது பலர் விட்டுவிட்டார்கள். விடாத வீடுகளும் உண்டு. போன மாதம் எங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டில் குரவை எழுந்தபோது, கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையோடு நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என் உடுப்பைப் பிடித்து இழுத்தாள். “எங்க எழும்புறீங்க? இன்னம் சோறே வெக்கல்ல, இரிங்க” என்றாள். நான் சிரித்துச் சமாளித்தேன். காரணம் சொல்ல எனக்கு வாய் வராது. நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள் நான். எழுதினால் வரும் என்றுதான் எழுதுகிறேன். இது என் காக்காவின், மூத்த நானாவின், மனைவியைப் பற்றியது; காக்கா என்றால் அண்ணன். அவளை நான் மச்சி என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஓரிரண்டு வயதுதான் கூட.

சுனாமியில் எங்கள் தெரு முழுவதும் போனது. கடற்கரையோரம் இருந்த எங்கள் வீடும், மச்சியின் வீடும், எனக்காக வாப்பா கட்டிக்கொண்டிருந்த பாதி வீடும் போயின. எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்த நாளிலிருந்து தகப்பன் கல் சேர்ப்பான். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வருவதில்லை. அதனால் அந்த அலையில் ஆட்களை இழந்தது ஒரு துக்கம் என்றால், பிழைத்த பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே காலையில் வீடில்லாதவர்களானது இன்னொரு துக்கம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டோம். மையித்துகளை அடக்கிவிட்டு வந்த கையோடு சீதனத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? ஆனால் ஒவ்வொரு தாயும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வீடு இல்லை, இனிப் பிள்ளையின் பேராவது மிஞ்ச வேண்டும் என்று.

வயலோரத்தில் தகரக் கொட்டில்கள் கட்டி எங்களைக் குடியமர்த்தினார்கள். கொட்டில்களுக்கும் கக்கூஸ்களுக்கும் நடுவில் வெளிச்சமில்லாத ஒரு வெளி. கக்கூஸ் கதவுகளுக்குக் கொளுக்கி கிடையாது, கயிறுதான். பொழுதுபட்டால் அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள் என்ற கதை மெல்ல மெல்ல வந்தது. ஒருத்தியின் கதவை யாரோ இழுத்தார்கள். இன்னொருத்தியின் பின்னால் யாரோ நடந்தார்கள். யார் என்று ஒருவருக்கும் தெரியாது. வெளியாட்கள் என்றார்கள், பட்டாளத்துக்காரர் என்றார்கள், பக்கத்து ஊரார் என்றார்கள். பிள்ளைகள் பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். நோன்பு மாதம் இல்லாமலே உதடு காய்ந்து கிடந்தார்கள். அடிவயிறு வலிக்கிறது என்று ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, முகாம் கமிட்டிக்காரர்கள் வந்து, மக்ரிப் தொழுகைக்குப் பிறகு பெண் பிள்ளைகளை வெளியே விடக்கூடாது என்று அறிவித்தார்கள். மச்சி கொட்டில் வாசலில் நின்று சொன்னாள்: “அப்ப மக்ரிபுக்குப் பொறகு மூத்திரம் வரப்படாதெண்டும் ஒரு சட்டம் போடுங்க காக்காமாரே.” பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கமிட்டிக்காரர்கள் சிரிக்கவில்லை.

மச்சியின் வாப்பா சீனடி படிப்பித்தவர். கையாலும் கம்பாலும் தற்காத்துக்கொள்ளும் அந்த அடிமுறையை அவர் ஆண் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக் கொடுத்தார். மச்சி வேலிக்குள்ளால் பார்த்தது மட்டும். அந்த வேலிக்குள்ளால் பார்த்ததை வைத்துக்கொண்டு, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கொட்டில்களின் பின்பக்கம் பிள்ளைகளைக் கூட்டினாள். மணிக்கட்டைப் பிடித்தால் பெருவிரல் பக்கமாகத் திருப்பி இழுப்பது, வாளியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நடப்பது, தனியே போகாதது, கதவைத் திறக்குமுன் காலால் தட்டுவது. என்னைத்தான் கள்ளனாக்கினாள். “இவதான் கதைக்க மாட்டா. கள்ளனுக்குத் தோதான ஆள்” என்றாள். காக்காவின் சாரனையும் சேர்ட்டையும் எனக்கு மாட்டிவிட்டார்கள். நான் கையைப் பிடித்தால் பிள்ளைகள் சிரித்துச் சிரித்தே விழுந்தார்கள். “சிரிக்காதடி, கள்ளன் சந்தோசப்பட்டுப் போவான்” என்று மச்சி அதட்டுவாள்.

கையை விடுவித்துக்கொள்ள எல்லோரும் பழகிவிட்டார்கள். கத்தத்தான் வரவில்லை. “கத்துங்க புள்ளையள்” என்றால் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து சத்தம் போடாதே என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. இன்னொன்றும் இருந்தது. ஒரு பெண் இருட்டில் கத்தினால் என்ன நடந்தது என்று ஊர் கேட்கும். ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் கேள்வி அவளுடனேயே இருக்கும். கடைசியில் மச்சி, “சரி, குரவை போடுங்க” என்றாள். அது எல்லோருக்கும் வந்தது. சின்னவளுக்கும் வந்தது. முகாமில் எல்லாக் கொட்டிலிலும் மையித்து விழுந்திருந்தது. கல்யாணம் என்ற பேச்சே இல்லை. குரவை கேட்டால் அது நம் பிள்ளைதான், ஓட வேண்டும் என்று பெண்களுக்குள் மட்டும் பேசி வைத்துக்கொண்டோம். ஆண்கள் கேட்டால் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று சொல்வோம். யாருடைய பேரும் கெடாது. ஒரு முறை வயலில் நின்ற எருமையைப் பார்த்து ஒருத்தி குரவை போட, நாங்கள் வாளிகளோடு ஓடிப்போய் எருமையைச் சுற்றி நின்றோம். இன்னொரு முறை உண்மையிலேயே ஒரு நிழல் வேலி தாண்டி ஓடியது. பிள்ளைகள் திரும்பவும் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்கள்.

அப்புறம் முகாமில் முதல் கல்யாணம் வந்தது. மனைவியை அலைக்குக் கொடுத்த ஒருவருக்கும் கணவனைக் கொடுத்த ஒருத்திக்கும். பந்தலில் ஆண்களுக்குப் பன்னீர் தெளித்து அத்தர் பூசிவிட்டார்கள். மாப்பிள்ளை வந்தபோது பெண்கள் மச்சியைப் பார்த்தார்கள். அவளுக்கு நல்ல குரல். அவள் குரவையை எடுக்க, மற்றவர்கள் சேர்ந்தார்கள். அத்தனை மாதத் துக்கத்துக்கும் சேர்த்து அழுதுகொண்டே போட்டார்கள். அது ஓய்ந்து சிறிது நேரத்தில் கொட்டில்களுக்கு அப்பாலிருந்து ஒரு தனிக் குரவை கேட்டது. யாரோ பிள்ளை சந்தோசத்தில் போடுகிறாள் என்று பந்தல் சிரித்தது. மச்சிதான் பதிலுக்கு எடுத்தாள். எல்லோரும் சேர்ந்து போட்டோம். அங்கிருந்து மறுபடியும் வந்தது. நாங்களும் மறுபடியும் போட்டோம்.

பக்கத்துக் கொட்டிலின் நடுப்பிள்ளை பந்தலின் பின்பக்கமாக வந்து நின்றாள். கையில் வாளியின் பிடி மட்டும் இருந்தது. ஒரு சட்டைக் கை கிழிந்திருந்தது. முழங்கையில் இரத்தம். மணிக்கட்டைத் திருப்பி, வாளியால் அடித்து, தப்பி வந்திருந்தாள். படிப்பித்ததெல்லாம் சரியாகச் செய்திருந்தாள். மச்சி அவளைக் கொட்டிலுக்குள் இழுத்து மடியில் சாய்த்தபோது அவள் சொன்னது இதுதான்: “நீங்க பதில் போட்டீங்கதானே மாமி. வாறீங்கெண்டு நெனச்சு நிண்டன்.”

யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. “அத்தர் மணந்திச்சு” என்றாள். அதைக் கேட்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெளியாள், பட்டாளம், பக்கத்து ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்த எல்லாம் அந்த ஒரு சொல்லோடு முடிந்துபோனது. பந்தலில் இருந்த நம் ஆட்கள் எல்லோர் மேலும் அந்த வாசம்தான்.

கமிட்டியிடம் போகலாம் என்று மச்சி சொன்னதும் நடுப்பிள்ளையின் உம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “என்ட புள்ளைக்கு ஊடும் இல்ல. பேரும் இல்லாமப் போகணுமா? அல்லாவுக்காகக் கதைக்காதீங்க.” மச்சி அந்தக் கைகளைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். மறுநாள் காலை என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கமிட்டிக்குப் போனாள். கக்கூஸ் பக்கம் லைட் வேண்டும், கொளுக்கி வேண்டும், பெண்களுக்கு வேறு பாதை வேண்டும் என்றாள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். சொன்னாள். எந்தப் பிள்ளை என்று கேட்டார்கள். “புள்ள இல்ல. நான்தான். கல்யாணம் கலைஞ்ச பொறகு என்னையத்தான் புடிச்சான்” என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். முகம் பார்த்தாயா என்று ஒருவர் கேட்டார். “இல்ல. அத்தர்தான் மணந்திச்சு. உங்கள்ள ஆரும் நேத்துப் பூசாம இருந்தீங்களா?” என்றாள். ஒருவர் கொப்பியைத் திறந்து அவள் கேட்டதை எழுதிக்கொண்டார். லைட் வந்தது, கொளுக்கியும் வந்தது.

அதற்கான விலையை மச்சி கொடுத்தாள். அவளைப் பற்றிய பேச்சு முகாம் முழுக்கப் போனது. காக்கா கெட்டவர் இல்லை. ஆனால் நெல் மில்லில் கூட வேலை செய்தவர்கள் என்ன சொன்னார்களோ, வெகுநாள் அவளோடு கதைக்காமல் சோற்றை மட்டும் தின்றுவிட்டுப் போனார். உண்மையை அவரிடமாவது சொல்லேன் என்று நான் கேட்டேன். “அவர் நல்ல மனிசன். கோவம் வந்தாச் சொல்லிப்போடுவார்” என்றாள். தாய்மார் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். “அவவே மாட்டின ஆள், எங்கட புள்ளைகளுக்கு என்னத்தப் படிப்பிக்கிற?” என்று தண்ணீர்த் தாங்கியடியில் ஒருத்தி சொன்னது எங்கள் காதில் விழத்தான் சொன்னது. வரிசையில் நின்ற நடுப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். மச்சி அவளுடைய குடத்தை வாங்கி முதலில் நிரப்பிக் கொடுத்தாள்.

மிஞ்சி வந்த சில பிள்ளைகளை அவள் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். அலைக்குப் பிறகு நாங்கள் யாரும் அங்கே போனதில்லை. வீடுகள் இருந்த இடத்தில் அத்திவாரங்கள் மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தன. அந்த அத்திவாரங்களில் பிள்ளைகளை நிறுத்தினாள். “குரவை வேணாம். பேரைக் காப்பாத்துறன் எண்டு நான்தான் உங்களுக்கு ஒளிக்கப் படிப்பிச்சுட்டன். இனி, உடுடா கைய எண்டு கத்துங்க. ஆருக்கும் விளங்கணும்.” முதலில் காற்றுத்தான் வந்தது. நடுப்பிள்ளைதான் முதலில் கத்தினாள். அந்தச் சத்தம் கடல் இரைச்சலையும் மீறிக் கேட்டது. கள்ளனாக நின்ற நான் உண்மையாகவே கையை விட்டுவிட்டேன்.

பிறகு வருடங்கள் போயின. கடற்கரையில் கட்டக்கூடாது என்றதால் உள்ளே தள்ளி வீடு கிடைத்தது, சிலருக்கு முந்தி, சிலருக்குப் பிந்தி. யுத்தம் முடிந்தது. வீதியில் சோதனைச் சாவடிகள் எடுபட்டன. வெடி கொளுத்தினார்கள். இனிப் பயம் இல்லை என்று கடையிலும் பள்ளிவாசலிலும் பேசிக்கொண்டார்கள். மச்சி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “எந்தப் பயத்தச் சொல்றாங்க?” என்று கேட்டாள்.   நடுப்பிள்ளைக்கு ஒரு வீடு கிடைத்து, கல்யாணமும் நடந்த பிறகுதான் மச்சி காக்காவிடம் உண்மையைச் சொன்னாள். அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. ஊருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இப்போது நடுப்பிள்ளைக்கு மூன்று பெண் பிள்ளைகள். “எழுதுங்க மாமி, என்ட பேர மட்டும் போடாதீங்க. உங்கட மச்சிர பேருல கிடக்கிற பழிய எடுங்க” என்று அவள் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அந்தக் கல்யாண வீட்டில், என் உடுப்பைப் பிடித்து இழுத்தவளிடம் சிரித்துச் சமாளித்தபடி நான் மச்சி இருந்த வாசல் பக்கம் பார்த்தேன். மச்சிக்கு முழங்கால் நோவு. எழும்புவதற்கு ஆள் பிடிக்க வேண்டும். ஆனால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வீட்டு வளவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற மூலையில் நடுப்பிள்ளையும் எழுந்து நின்றாள். அவளுடைய கண் கூட்டத்துக்குள் தன் பிள்ளைகளைத் தேடியது. ஒன்று, இரண்டு, கடைசியாக மூன்றாவதையும் கண்டுகொண்டது. எங்களைச் சுற்றிலும் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக் குரவை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்த பிறகும் நாங்கள் மூன்று பேரும் உட்காரவில்லை. வேறு எங்கிருந்தாவது ஒரு தனிக் குரவை வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றோம்.